ஒரே சீசனில் 106 ஆட்டங்கள்: பேஸ்பாலில் அதிக முறை பந்தெறிந்தவர் யார்? நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

பள்ளிகளுக்கு இடையிலான போட்டிக் காலம் வந்துவிட்டால் ஜாசின், அலோர் காஜா, மத்திய மலாக்கா என்று எந்த மாவட்டத்துத் திடலுக்குப் போனாலும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். சாஃப்ட்பால் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும். நடு வட்டத்தில் நின்று கையைச் சுழற்றிச் சுழற்றிப் பந்தை எறிவது ஒரு பிள்ளைதான். காலை ஆட்டத்திலும் அதே பிள்ளை. மத்தியானம் அடுத்த ஆட்டத்திலும் அதே பிள்ளை. மறுநாள் அரையிறுதிக்குப் போனாலும் அங்கேயும் அவள்தான் நிற்பாள். "டீச்சர், கை கொஞ்சம் வலிக்குது" என்றால், "இன்னும் ஒரு ஆட்டம்தாம்மா, முடிச்சிட்டு ஐஸ் வச்சிக்கலாம்" என்று பதில் வரும்.

ஆசிரியரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் நம் பிள்ளைகளில் பலர் அங்கேதான் முதன்முதலாக இந்த விளையாட்டைத் தொடுகிறார்கள். ஒரு குழுவில் நேராக, வேகமாக எறியத் தெரிந்தவர் ஒருவர் கிடைப்பதே பெரிய விஷயம். கிடைத்த ஒருவரை யார்தான் உட்கார வைப்பார்கள்?

ஒருவர் எத்தனை ஆட்டம் தொடர்ந்து எறியலாம்? இந்தக் கேள்வியைப் பேஸ்பால் உலகம் சுமார் 150 ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது. அதன் சாதனைப் பட்டியலில் பதிலும் இருக்கிறது, எச்சரிக்கையும் இருக்கிறது.

பிட்சர் என்பவர் யார்?

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு எளிதாகச் சொல்லிவிடலாம். கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் ஆறு பந்து போட்டதும் எல்லைக்கோட்டுப் பக்கம் போய் நின்று மூச்சு வாங்கிக்கொள்வார். அடுத்த ஓவரை வேறொருவர் போடுவார். பேஸ்பாலில் அப்படி மாறி மாறி எறியும் வழக்கம் இல்லை. பிட்சர் என்று ஒருவர் நின்றுவிட்டால், அவரை மாற்றும்வரை எதிரணியின் ஒவ்வொரு அடிப்பவருக்கும் அவரேதான் எறிய வேண்டும். மாற்றிவிட்டால் பொதுவாக அன்றைய ஆட்டத்தில் அவருக்குத் திரும்பவும் இடமில்லை.

அமெரிக்காவின் மேஜர் லீக்கில் ஓர் அணி ஒரு சீசனில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. ஏறக்குறைய ஆறு மாதம், பெரும்பாலான நாள்களில் ஆட்டம் உண்டு. அதனால் பிட்சர்களை இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவர் ஒரு வகை. அவர் ஒரு நாள் நீண்ட நேரம் எறிந்துவிட்டு, இப்போதைய வழக்கப்படி நான்கைந்து நாள் ஓய்வெடுப்பார். அவர் களைத்த பிறகு இடையில் வந்து மிச்சத்தை முடிப்பவர் இன்னொரு வகை. அவரை ரிலீவர் என்கிறார்கள். 'அதிக ஆட்டங்களில் எறிந்தவர்' பட்டியலில் இருப்பவர்கள் எல்லாம் இந்த இரண்டாம் வகைதான். இன்று வந்தவர் நாளையும் வரலாம், மறுநாளும் வரலாம். எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது, ஆனால் கூப்பிட்டால் கை தயாராக இருக்க வேண்டும்.

106: மைக் மார்ஷல்

1974ஆம் ஆண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியின் மைக் மார்ஷல் 106 ஆட்டங்களில் பந்தெறிந்தார். அணி ஆடிய ஒவ்வொரு மூன்று ஆட்டத்திலும் கிட்டத்தட்ட இரண்டில் அவர் இருந்தார். அந்த எண்ணை அதற்கு முன்பும் யாரும் தொட்டதில்லை, பின்பும் தொடவில்லை.

நம் தோட்டப் பேச்சில் சொன்னால், மழையோ காய்ச்சலோ ஒரு நாளும் பெரட்டுக்கு நிற்கத் தவறாத ஆள். அதே ஆண்டு ஜூன், ஜூலையில் அணியின் தொடர்ச்சியான 13 ஆட்டங்களில், ஒன்றைக்கூட விடாமல் எறிந்தார். அதுவும் இன்றுவரை சாதனையாகவே இருக்கிறது.

ஆட்டங்களின் எண்ணிக்கையைவிட எனக்கு வியப்பாக இருப்பது இன்னொரு எண். அந்த 106 ஆட்டங்களில் அவர் எறிந்தது 208 இன்னிங்ஸுக்கும் சற்று அதிகம். அதாவது ஒவ்வொரு முறை வரும்போதும் சராசரியாக இரண்டு இன்னிங்ஸ், ஏறக்குறைய ஆறு பேரை வெளியேற்றும் வேலை. ஒரு பந்து எறிந்துவிட்டுப் போனதையும் 'ஓர் ஆட்டம்' என்றுதான் கணக்கில் எழுதுவார்கள். மார்ஷல் அப்படிக் கணக்கு சேர்த்தவர் அல்லர். அந்த ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அவருக்குக் கிடைத்தது. ரிலீவர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. இறுதிப் போட்டியான உலகத் தொடரில் ஓக்லண்ட் அணியிடம் டாட்ஜர்ஸ் தோற்றது. அந்தத் தொடரின் ஐந்து ஆட்டங்களிலும் மார்ஷல் எறிந்தார்!

எப்படி முடிந்தது? மார்ஷல் சாதாரண விளையாட்டாளர் அல்லர். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உடல் இயக்கம் பற்றிய துறையில் படித்து, பின்னர் 1978இல் முனைவர் பட்டமே வாங்கியவர். எந்தத் தசை எப்போது இழுபடுகிறது, எந்த மூட்டு எங்கே தாங்குகிறது என்று தன் கையைத் தானே ஆராய்ந்து, எறியும் முறையை மாற்றிக்கொண்டார். பிட்சர்களின் கை காயப்படுவதற்குக் காரணம் அதிகம் எறிவது அல்ல, தவறாக எறிவதுதான் என்பது அவருடைய வாதம். விளையாட்டை விட்ட பிறகும் பல ஆண்டுகள் அதையே இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். பேஸ்பால் அணிகள் பெரும்பாலும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. 2021 மே மாதம், 78 வயதில் காலமானார்.

106 ஒரே ஒரு தடவை நடந்த அதிசயம் என்று நினைக்க வேண்டாம். முந்தைய 1973இல் மாண்ட்ரியால் அணிக்காக 92 ஆட்டங்கள், 1979இல் மினசோட்டா அணிக்காக 90 ஆட்டங்கள் எறிந்திருக்கிறார். 90ஐ எட்டிய சில பேரில் ஒருவரே மூன்று முறை வருகிறார்.

அதே அணி, அதே ஆண்டு, இன்னொரு கை

மார்ஷலின் கதையைச் சொல்பவர்கள் இதைச் சேர்த்துச் சொல்வதில்லை. சேர்த்துப் பார்த்தால்தான் முழுப் படம் தெரியும்.

1974 ஜூலை மாதம், அதே டாட்ஜர்ஸ் அணியில் டாமி ஜான் என்ற இடது கைப் பிட்சர் பந்தெறியும்போது முழங்கையின் உள்பக்கத் தசைநார் அறுந்துபோனது. அதுவரை அப்படி ஆனவர்களுக்கு ஆட்ட வாழ்க்கை அத்தோடு முடிந்தது. அணியின் மருத்துவர் ஃபிராங்க் ஜோப், ஜானின் வலது கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து இடது முழங்கையில் வைத்துப் பொருத்தினார். வெற்றி கிடைக்கும் என்று யாரும் பெரிதாக நம்பவில்லை. 1976இல் ஜான் திரும்பி வந்தார். 1989 வரை ஆடினார். இன்று அந்த அறுவைச் சிகிச்சைக்கே 'டாமி ஜான்' என்றுதான் பெயர்.

ஒரே உடைமாற்றும் அறை, ஒரே பயிற்சி, ஒரே சீசன். ஒருவர் கை 106 ஆட்டம் தாங்கியது. இன்னொருவர் கை நடுவிலேயே அறுந்தது. சாதனையாளரைக் காட்டி "அவர் செய்யலையா, நீ ஏன் முடியலங்கிற?" என்று கேட்பது ஏன் சரிவராது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மார்ஷலுக்கு அடுத்து யார்?

94 ஆட்டங்களுடன் இரண்டு பேர் இரண்டாம் இடத்தில் இருக்கிறார்கள். இருவரும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்காரர்கள். ஒருவர் 1979இல் எறிந்த கென்ட் டெகல்வி, மற்றவர் 2006இல் எறிந்த சாலமன் டோரஸ்.

டெகல்வியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒல்லியான உருவம், பெரிய மூக்குக் கண்ணாடி. பந்தைத் தோளுக்கு மேலிருந்து எறியாமல், உடலைச் சாய்த்து இடுப்புக்குக் கீழிருந்து எறிவார். 1978இல் 91, 1979இல் 94, பிறகு 1987இல், 40 வயதில், ஃபிலடெல்பியா அணிக்காக 90! கையைக் கீழிருந்து கொண்டுவருவதால் தோளுக்குச் சுமை குறைவு என்று பலரும் சொன்னார்கள். இந்த 'கீழிருந்து எறிந்தால் ஆபத்து இல்லை' என்ற நம்பிக்கைக்குப் பிறகு வருவோம்.

அடுத்து பெட்ரோ ஃபெலிசியானோ. புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்தவர், நியூயார்க் மெட்ஸ் அணி. 2008இல் 86, 2009இல் 88, 2010இல் 92 என்று ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போனார். ஆனால் 2010இல் அந்த 92 ஆட்டங்களிலும் சேர்த்து அவர் எறிந்தது சுமார் 63 இன்னிங்ஸ்தான். இடது கை அடிப்பவர் ஒருவர் வருகிறாரா, ஃபெலிசியானோவைக் கூப்பிடு. அவரை முடித்ததும் ஆளை மாற்று. இதுதான் அவர் வேலை. வேலை குறைவு மாதிரித் தெரியும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஓரமாக நின்று கையைச் சூடாக்க எறியும் பந்துகள் எந்தக் கணக்கிலும் வராது. சில நாள் சூடாக்கிவிட்டுக் கூப்பிடாமலே விட்டுவிடுவார்கள், அதுவும் கணக்கில் இல்லை.

2011இல் யாங்கீஸ் அணி அவரைப் பெரிய ஒப்பந்தத்தில் எடுத்தது. தோள் காயத்தால் அந்த அணிக்காக அவர் ஓர் ஆட்டம்கூட எறியவில்லை. மெட்ஸ் அணி அவரை வரம்பு மீறிப் பயன்படுத்திவிட்டது என்று யாங்கீஸ் பொது மேலாளர் வெளிப்படையாகவே சொன்னார். அது இரண்டு அணிகளுக்கும் இடையே பெரிய வாக்குவாதமானது. 2013இல் ஃபெலிசியானோ மீண்டும் மெட்ஸுக்கு வந்தார். 2021இல், 45 வயதிலேயே இறந்துபோனார்.

அவருக்குப் பிறகு மேஜர் லீக்கில் யாரும் 90 ஆட்டங்களை எட்டவில்லை. 2020இலிருந்து ஒரு புதிய விதியும் வந்திருக்கிறது. வந்த பிட்சர் குறைந்தது மூன்று பேருக்கு எறிய வேண்டும், அல்லது அந்தப் பாதி இன்னிங்ஸ் முடிய வேண்டும். ஒருவருக்கு மட்டும் எறிந்துவிட்டுப் போகும் ஃபெலிசியானோ பாணி வேலை அத்துடன் ஏறக்குறைய முடிந்தது.

ஆசியாவிலும் இந்தக் கதை உண்டு. ஜப்பானில் ஹன்ஷின் டைகர்ஸ் அணியின் தொமோயுகி குபோதா 2007இல் 90 ஆட்டங்களில் எறிந்தார். அங்கே அதுதான் சாதனை. அதற்கு வெகு முன்பே, 1961இல், கசுஹிசா இனாவோ 78 ஆட்டங்களில் எறிந்து 42 வெற்றிகளைத் தேடித் தந்தார்.

பழைய கணக்கு ஒன்றும் இருக்கிறது. 1879இல் சின்சினாட்டியின் வில் வைட் 76 ஆட்டங்களில் 680 இன்னிங்ஸ் எறிந்தார். மார்ஷலைப்போல மூன்று மடங்குக்கும் மேல்! ஆனால் அன்றைய விதிப்படி பந்தை இடுப்புக்குக் கீழிருந்துதான் எறிய வேண்டும். தூரமும் இப்போதையதைவிடக் குறைவு. ஏறக்குறைய வேறு விளையாட்டு.

நம் ஆள் ஒருவர்: முரளி

பேஸ்பாலில் தமிழர் பெயர் தேடினால் பட்டியலில் கிடைக்காது. ஆனால் ஒரு கை எவ்வளவு தாங்கும் என்ற கேள்விக்கு விடை தேடினால், முத்தையா முரளிதரனைத் தாண்டிப் போக முடியாது.

கண்டியில் 1972இல் பிறந்த முரளியின் தாத்தா, தமிழகத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர். மலாக்காவின் ரப்பர் தோட்டங்களுக்கு நம் தாத்தா பாட்டிகள் வந்த அதே காலம், அதே கதை. கப்பல்தான் வேறு.

டெஸ்ட் ஆட்டங்களில் முரளி எடுத்த 800 விக்கெட் எல்லாருக்கும் தெரியும். அதற்காக அவர் வீசிய பந்துகள் 44,039 என்பது பலருக்குத் தெரியாது. டெஸ்ட் வரலாற்றில் வேறு யாரும் இத்தனை பந்து வீசியதில்லை. அடுத்த இடத்தில் இருக்கும் அனில் கும்ப்ளே 40,850. ஒருநாள் ஆட்டங்களில் வீசிய 18,811 பந்துகள் தனி.

1998 ஆகஸ்டு, லண்டன் ஓவல் திடல். முதல் இன்னிங்ஸில் முரளி 59.3 ஓவர் வீசி 7 விக்கெட் எடுத்தார். இரண்டாவதில் 54.2 ஓவர், 9 விக்கெட். மொத்தம் 683 பந்துகள், ஒரே ஆட்டத்தில். இங்கிலாந்து தோற்றது.

இதில் கவனிக்க வேண்டியது அணித் தலைவர் அர்ஜுன ரணதுங்கவின் முடிவு. நாணயச் சுழற்சியில் வென்ற அவர், அடிப்பதற்கு நல்ல திடலிலும் எதிரணியை முதலில் ஆடச் சொன்னார். பலரும் முகம் சுளித்தார்கள். அவர் கணக்கு வேறு. நாம் முதலில் ஆடிவிட்டால், இங்கிலாந்தின் இரண்டு இன்னிங்ஸும் அடுத்தடுத்து வரலாம். முரளிக்கு ஓய்வே கிடைக்காது. இடையில் நம் அணி ஆடினால் அவர் கை ஆறும். இலங்கை 591 ஓட்டம் எடுத்தது. அந்த நேரம் முழுக்க முரளியின் பந்துவீசும் கைக்கு வேலை இல்லை. அதன் பிறகுதான் அந்த 9 விக்கெட்.

அதே முரளிக்கும் 2004இல் தோளில் அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. பல மாதங்கள் ஆடவில்லை.

கீழிருந்து எறிந்தால் கை போகாதா?

சாஃப்ட்பாலில் பந்தைக் கீழிருந்துதான் எறிய வேண்டும். காற்றாலை சுற்றுவதுபோல் கை ஒரு முழு வட்டம் சுற்றி, இடுப்பருகே பந்து விடுபடும். "இது இயற்கையான அசைவு, பேஸ்பால் மாதிரி கஷ்டம் இல்ல, எவ்வளவு வேணும்னாலும் எறியலாம்" என்று பல காலமாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. வேகமாகச் சுழற்றி எறியும்போது தோளிலும், மேல் கைத் தசைநாணிலும் விழும் விசை, மேலிருந்து எறிவதற்குப் பெரிதும் குறைந்ததல்ல என்று விளையாட்டு மருத்துவ ஆய்வுகள் சொல்கின்றன. வலிக்கும் இடம் மாறும். முழங்கைக்குப் பதில் தோளின் முன்பக்கம் வலிக்கும்.

பிரச்சினை என்னவென்றால், நம்பிக்கை மாறாததால் விதியும் பல இடங்களில் மாறவில்லை. அமெரிக்காவின் லிட்டில் லீக் 2007இலிருந்து சிறுவர் பேஸ்பாலுக்குப் பந்து எண்ணிக்கை வரம்பு வைத்திருக்கிறது. 9, 10 வயதுப் பிள்ளை ஒரு நாளில் 75 பந்துகள். 11, 12 வயதுக்கு 85. 13 முதல் 16 வரை 95. 14 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர் ஒரு நாளில் 66 பந்தோ அதற்கு மேலோ எறிந்தால், பிறகு நான்கு நாள்கள் எறியக்கூடாது. 41 பந்தோ அதற்கு மேலோ எறிந்தவர் அதே நாளில் கேட்சராகவும் நிற்கக்கூடாது, காரணம் கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறார். சாஃப்ட்பாலில் பல போட்டிகளில் இப்படிப் பந்து எண்ணும் வழக்கமே இல்லை. மூன்று நான்கு நாளில் மொத்தப் போட்டியும் முடிந்துவிடும் பள்ளி அட்டவணையில், ஒரே பிள்ளை எல்லா ஆட்டத்தையும் எறிவது விதிப்படி தவறும் இல்லை.

பெரியவர்கள் உலகத்திலும் இது நடந்திருக்கிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யுகிகோ உவேனோ இரண்டே நாளில் மூன்று ஆட்டங்கள் எறிந்தார். முதல் நாள் அமெரிக்காவுடன் 9 இன்னிங்ஸ், தோல்வி. அன்றே ஆஸ்திரேலியாவுடன் 12 இன்னிங்ஸ், வெற்றி. மறுநாள் இறுதியாட்டத்தில் மீண்டும் அமெரிக்கா, 7 இன்னிங்ஸ், தங்கம். மொத்தம் 413 பந்துகள். ஜப்பானில் அந்த எண்ணைச் சொன்னாலே போதும், எந்த ஆட்டம் என்று தெரிந்துவிடும். உவேனோவுக்கு அப்போது 26 வயது. முழு வளர்ச்சி அடைந்த உடல், பல ஆண்டுப் பயிற்சி, கூடவே மருத்துவக் குழு. பதின்மூன்று வயதில் எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். எலும்பு முனையில் உள்ள வளர்ச்சிப் பகுதி, அதைப் பிடித்திருக்கும் தசைநாரைவிட மென்மையானது. பெரியவருக்குத் தசைநார் அறுகிற இடத்தில், பிள்ளைக்கு எலும்பே விலகும்.

அப்படியானால் என்ன செய்வது?

பெரிய செலவு எதுவும் இல்லை. புள்ளி எழுதும் நோட்டில் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு கோடு போட ஒரு மாணவரை உட்கார வைத்தால் போதும். சூடாக்க எறிந்த பந்துகளையும் சேர்த்து எண்ணினால் இன்னும் நல்லது. ஃபெலிசியானோவுக்கு அதைத்தான் யாரும் எண்ணவில்லை. பயிற்சிக் காலத்திலேயே இரண்டாவது, மூன்றாவது பிட்சரைத் தயார் செய்வது ஆசிரியர் கையில் இருக்கிறது. முதல் ஆட்டம் பெரிய வித்தியாசத்தில் ஜெயிக்கிற மாதிரி இருந்தால், அப்போதே முக்கியப் பிட்சரை மாற்றிவிடலாம்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. பள்ளிப் பையைத் தூக்கும்போதோ, தலை சீவும்போதோ பிள்ளை முகம் சுளித்தால் கேளுங்கள். தசை அசதி ஓரிரு நாளில் போய்விடும். மூட்டில் ஒரே இடத்தில் குத்துகிற மாதிரி வலி, இரவிலும் தொடரும் வலி, கையை முழுதாக நீட்ட முடியாமல் இருப்பது ஆகியவை அசதி அல்ல. தைலம் தேய்த்துவிட்டு மறுநாள் ஆட அனுப்பாமல், கிளினிக் கெசிஹத்தான் போய்க் காட்டுங்கள். எத்தனை நாளில் எத்தனை ஆட்டம் எறிந்தாள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பல பிள்ளைகள் அதைச் சொல்வதில்லை. சொன்னால் இறுதியாட்டத்தில் உட்கார வைத்துவிடுவார்கள் என்ற பயம்.

உவேனோ 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கிலும் இறுதியாட்டத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 39. இந்த முறை எல்லாப் பந்தையும் அவரே எறியவில்லை. நடுவில் மியு கோத்தோ என்ற 20 வயது இளம் பிட்சர் வந்து எறிந்தார். கடைசி இன்னிங்ஸை முடிக்க மட்டும் உவேனோ திரும்பி வந்தார். ஜப்பானுக்கு மறுபடியும் தங்கம் கிடைத்தது.